இடப்பக்கம் நிற்கும் மேதை

நாலு வரி வாசித்ததுமே பஸ்மிலா நிறுத்திவிட்டாள். ஐந்தாவது வரியில் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். ஆறாவதிலும் தெரியும். எல்லாம் அவள் வாயிலிருந்து வந்தவை. கட்டுக் கட்டாகக் கிடந்த அச்சுத்தாள்களைப் புரட்டி முதல் தாளுக்குப் போனாள். ‘ஆகாயத்தைத் தைத்தவர்கள்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அதுவும் அவள் வைத்த பெயர்தான். அதற்குக் கீழே ஆசிரியர் என்ற இடத்தில் அவளுக்குப் படிப்பித்த ஜுனைட் சேரின் பெயர் கையைக் காலை நீட்டிப் படுத்திருந்தது.

தாள்களோடு ஒரு துண்டும் இருந்தது. ‘மகள், எழுத்துப் பிழை மட்டும் பாத்துத் தாங்க. வாற மாசம் முதல் வெள்ளிக்கிழமை வெளியீடு.’

திருடியவன், திருடிய பொருளைத் துடைத்துத் தரச்சொல்லி வீட்டுக்காரியிடமே அனுப்பியிருந்தான்.

வாப்பா சீனிமுகம்மது அந்நேரம்தான் நெல் ஆலையிலிருந்து வந்து சைக்கிளைச் சுவரில் சாத்தினார். புருவமெல்லாம் உமித்தூசு.

“என்ன மகள், புத்தகம் வந்துட்டா?”

“வந்திரிக்கி வாப்பா.”

“அல்ஹம்துலில்லாஹ்! எங்க உன்ட பேரு? விரல வெச்சுக் காட்டு.”

அவர் மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவர். மகளின் பெயரை மட்டும் எந்த எழுத்தில் போட்டாலும் கண்டுபிடித்துவிடுவார். பட்டமளிப்பு விழாப் புத்தகத்தில் இருநூறு பெயருக்குள் அதைத் தேடிப் பிடித்து, அந்தப் பக்கத்தை ஆலைக்குக் கொண்டுபோய் மூட்டை தூக்குகிற அத்தனை பேருக்கும் காட்டியவர். இந்தப் புத்தகத்தைப் பற்றியும் ஆலை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். பஸ்மிலா கடைசித் தாளை எடுத்து ஒரு வரியில் விரலை வைத்தாள்.

“இதுலயா? என்ன எழுதியிரிக்கி?”

“‘எழுத்துப் பிழை திருத்தி உதவிய மாணவிக்கு நன்றி.’”

“பேரு?”

“மாணவி. அதான் பேரு.”

வாப்பா அந்த வரியின் மேல் விழுந்த உமித்தூசை ஊதிவிட்டார். “மறந்திரிப்பார் மகள். வேல கூடின மனுசன்” என்றார். நம்பாத ஆளின் குரல் அது.

நடந்தது இதுதான். ஜுனைட் சேர் நிந்தவூரில் டியூஷன் நடத்தும் டியூட்டரி வைத்திருப்பவர். ஊரில் அறிவு சம்பந்தமான எதற்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். போன வருடம் மாணவர்களுக்கென்று ‘அறிவு மாலை’ ஒன்று தொடங்கினார். வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பொதுமண்டபத்து ஜன்னல்களை மூடிவிட்டு, அமெரிக்க ஆவணக் காப்பகம் ஒன்று யாரும் எடுக்கலாம் என்று இணையத்தில் போட்டிருக்கிற பழைய படச்சுருள்களைக் காட்டுவது. நூறு வருடத்துக்கு முந்திய விமானங்கள், ஆலைகள். எல்லாம் ஊமைப்படம். மழை பெய்வதுபோல் கோடு விழுந்து ஓடும்.

அந்த மண்டபத்தில் எந்தக் கூட்டம் என்றாலும் குறுக்கே திரை கட்டுவார்கள். முன்பாதி ஆண்கள், பின்பாதி பெண்கள். பயான் என்கிற மார்க்கச் சொற்பொழிவுக்குப் பச்சைத் துணி; பேச்சு கேட்டால் போதும், ஆளைப் பார்க்கத் தேவையில்லை. படம் அப்படியில்லையே. இரண்டு திரை வாங்க மனம் வராத ஜுனைட் சேர் பச்சைத் துணியைக் கழற்றிவிட்டு அதே கம்பியில் மெல்லிய வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டார். ஆண்கள் கதிரையைத் துணிப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்ள, அவர்கள் பக்கத்திலிருந்து படத்தைப் பாய்ச்சினால், துணியை ஊடுருவி அந்தப் பக்கமும் தெரியும். ஒரே துணி, இரண்டு வேலை. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

ஆண்கள் பக்கத்தில் அவர் “இது விமானம், இது ஆலை” என்று சொல்லிவிட்டுப் போனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார். பெண்கள் பக்கத்துக்கு அதுவும் கேட்காது. “நீங்க சரித்திரம் படிச்ச பட்டதாரிதானே, சும்மாதானே இரிக்கீங்க. புள்ளைகளுக்கு நாலு வார்த்த சொல்லுங்க” என்று பஸ்மிலாவிடம் தள்ளிவிட்டார். அந்தச் ‘சும்மாதானே’ அவளுக்குச் சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு போனாள்.

முதல் கிழமையே பிள்ளைகள் சிரித்துப் புரண்டார்கள். விமானக் கொட்டகைச் சுவரில் ஆளைவிட உயரமான ஆங்கில எழுத்துகள் பின்னால் இருந்து முன்னால் ஓடின.

“தாத்தா,” என்றாள் உயர்தரம் படிக்கிற றிஸ்னா. அக்காவை அந்தப் பக்கத்தில் தாத்தா என்பதுதான் வழக்கம். “அந்தக் காலத்துல அமெரிக்காக்காரனும் அரபு மாதிரி வலமிருந்து இடமாத்தான் எழுதினானா?”

“ஓம்டி. பிறகுதான் வழி தவறிட்டான்.”

துணியின் பின்பக்கத்தில் எல்லாம் இடம் வலமாகத்தான் தெரியும் என்று பஸ்மிலாவுக்கு அன்றே பிடிபட்டது. அதைத் திருப்பிச் சொல்லிப் பிள்ளைகளைக் குழப்ப அவள் விரும்பவில்லை. அவர்கள் கண்ணுக்கு எது இடமோ அதையே இடம் என்றாள். கிழமைக்குக் கிழமை படித்தாள், தேடினாள், வந்து சொன்னாள். அந்த விமானங்களின் சிறகு தகரமில்லை, துணி என்று அவள் சொன்ன அன்று பிள்ளைகள் நெருங்கி வந்து திரையடியில் இருந்தார்கள். திரையில் நீண்ட மேசைகளில் பெண்கள் வரிசையாக இருந்து சிறகு தைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தையலை நிறுத்தி, நிமிர்ந்து, நேராகக் கமராவைப் பார்த்தாள். முறைத்தாள் என்றே சொல்லலாம்.

“சுவர்ல இரிக்கிறது முதலாளிட பேரு,” என்றாள் பஸ்மிலா. “படத்துக்கு நடுவுல எழுத்துப் போடுவாங்களே, அதுல வாறது ஓட்டினவன்ட பேரு. இவள்ர பேர ஒருத்தனும் எழுதல்ல. இவள் தைச்ச துணியிலதான் அவனுகள் பறந்தானுகள்.”

அடுத்த கிழமை இருக்க இடமில்லை. அம்பாறை வீதி தாண்டியும் பெண்பிள்ளைகள் வந்தார்கள். தாய்மாரும் வந்தார்கள். றிஸ்னா எல்லாவற்றையும் போனில் பதிந்தாள். அதைக் கேட்ட ஜுனைட் சேர், “இதப் புத்தகமாப் போடுவம் மகள், உங்கட பேர்ல. தட்டெழுதித் தாங்க, நான் பாத்துச் சரிக்கட்டுறன்” என்றார்.

சரிக்கட்டிவிட்டார்.

பஸ்மிலா அவருக்குப் போன் எடுத்தாள்.

“சேர், இது நான் கதைச்சதுதானே?”

“ஆர் இல்லெண்ட? கதச்சது நீங்கதான்.” அவர் குரலில் ஒரு பதற்றமுமில்லை. “கதைக்கிறது வேற, புத்தகம் வேற மகள். பேருள்ள ஆள்ர பேரு இல்லாட்டி ஆரு கையில எடுப்பான்? நீங்க சின்னப் புள்ள. இன்னம் எவ்வளவோ எழுதலாம்.”

“என்ட பேர்ல எண்டு சொன்னீங்க.”

“இஞ்ச பாருங்க. மூட்ட தூக்குற மனுசன்ட மகள் கெம்பஸ் போனது ஆரால? ரெண்டு வருசம் சும்மா படிப்பிச்சன். வாப்பாட்டக் கேளுங்க, அவர் சொல்வார். நன்றி எண்டு ஒண்டு இரிக்கி.”

ரெண்டு வருடம் இலவசமாகப் படிப்பித்தது உண்மை. அந்த ரெண்டு வருடமும் டியூட்டரியைக் கூட்டியதும், அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான் என்பதும் உண்மை. வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினாள். கத்தினால் அவர் பாவமாகிவிடுவார், அவள் வாய்க்காரியாகிவிடுவாள். இந்த ஊரை அவளுக்குத் தெரியும்.

“சரி சேர்,” என்றாள். “பிழை பாத்துத் தாறன்.”

போனை வைத்துவிட்டுச் சிவப்புப் பேனையை எடுத்தாள்.

ஒற்று விடவில்லை. றகரம் ரகரம் ஒன்றும் தப்பவில்லை. இப்படியொரு சுத்தமான பிரதி தன் கையில் வந்ததில்லை என்று அக்கரைப்பற்று அச்சகத்து நஸீம் காக்காவே சொன்னார். ஆனால் இடத்தையும் வலத்தையும் அவள் தொடவில்லை. மாறாக, இன்னும் கூட்டினாள். ‘அதோ நிற்பவர்’ என்றிருந்ததை ‘இடப்பக்கம் நிற்பவர்’ ஆக்கினாள். ‘பெண் தொழிலாளர்’ என்றிருந்ததை ‘வலப்பக்கம் வரும் பெண்கள்’ ஆக்கினாள். ஆலை முதலாளி வருகிற இடத்தில் அவர் வாயிலிருந்த சுருட்டை வெட்டிவிட்டு, அவர் முகத்தைப் பற்றி மூன்று வரி புதிதாகச் சேர்த்தாள். அந்த மூன்று வரியையும் எழுதும்போது அவளுக்குச் சிரிப்பே வரவில்லை. அவ்வளவு கவனம்.

ஜுனைட் சேர் கண்டுபிடித்துவிடுவாரோ என்று ஒரு நிமிடம் யோசித்தாள். எங்கே கண்டுபிடிக்க? ஒரு படத்தையாவது முழுதாகப் பார்த்த மனுசனா அவர்? ஒலிவாங்கியைப் பிடித்தால் சனத்தின் முகத்தைப் பார்ப்பார், தன்னை யார் பார்க்கிறார்கள் என்று. திரைக்கு முதுகுதான்.

இரண்டு நாளில் அவரே போன் எடுத்தார். “மகள், அந்த முதலாளிட கட்டம் இரிக்கே, நல்லா மெருகேத்தியிரிக்கீங்க. அதத்தான் வெளியீட்டுல வாசிக்கப் போறன். படத்தையும் ஓட விட்டு வாசிச்சா எப்பிடி இரிக்கும்?”

“நல்லா இரிக்கும் சேர்.”

வெளியீட்டு வெள்ளிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. அதே கம்பி, அதே வெள்ளைத் துணி. முன்வரிசையில் அதிபர்மார், பள்ளிவாசல் நிர்வாகத்தார், கல்முனையிலிருந்து பிரதம விருந்தினராக வந்த ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர் பூபாலசிங்கம். ஆண்கள் பக்கத்துக் கடைசி வரிசையில் புதுச் சேட்டுப் போட்ட சீனிமுகம்மது. அவரை வரவேண்டாம் என்று பஸ்மிலா எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. கூப்பிட்ட சேரின் முகத்துக்காக வந்திருந்தார்.

பெண்கள் பக்கம் கால் வைக்க இடமில்லை. வழமையாக வரும் பிள்ளைகள் அத்தனை பேரும் முன்னால் நெருக்கியடித்திருந்தார்கள். பஸ்மிலா நடுவில், கைகளை மடியில் கட்டிக்கொண்டு.

“தாத்தா, என்னத்துக்கு வந்தீங்க?” என்றாள் றிஸ்னா காதுக்குள். “எனக்கு வயிறு எரியிது. உங்களுக்கு எரியல்லியா?”

“இரிடி. படம் பாப்பம்.”

விளக்கு அணைந்தது. ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் சின்ன விளக்கொன்றை ஏற்றிக்கொண்டு ஜுனைட் சேர் வாசிக்கத் தொடங்கினார். குரல் நல்ல குரல். அதில் குறை சொல்ல முடியாது.

“‘புல்வெளியில் நிற்கிறது விமானம். வாலைப் பிடித்திருப்பவர்கள் கையை விடப்போகிறார்கள். இதோ, இடமிருந்து வலமாக ஓடி எழும்புகிறது. வலப்பக்கம் பாருங்கள், பாருங்கள்!’”

பெண்கள் பக்கத்தில் விமானம் இடமிருந்து வலமாக ஓடி எழும்பியது. ஆண்கள் பக்கத்தில் நூற்றைம்பது தலைகள் வலப்பக்கம் திரும்பிக் காத்திருக்க, விமானம் அவர்களுடைய இடது காதுப் பக்கமாகப் போய் மறைந்தது. கதிரைகள் கிறீச்சிட்டன. யாரோ இருமினார்கள்.

ஜுனைட் சேர் பக்கத்தைப் புரட்டினார்.

“‘வேலை முடிந்து ஆலை வாசல் திறக்கிறது. இடப்பக்கம் இரும்பு உருக்கும் ஆண்கள், முறுக்கிய மீசையும் தடித்த கையுமாக. வலப்பக்கம் வரும் இந்தப் பெண்களைப் பாருங்கள். எவ்வளவு மென்மை! தையல் ஊசி பிடித்த அந்த விரல்கள்!’”

ஆண்கள் பக்கத்தில் வலப்பக்கமாக வந்தவர்கள் மீசைக்காரர்கள். கரி பூசிய முகம், உலக்கை போன்ற கை. முன்வரிசைக்குப் பின்னால் ஒருவன் “மென்மைதான்” என்றான். குபீரென்று சிரிப்பு. நிர்வாகத்தார் திரும்பிப் பார்த்து முறைத்தார்கள். முறைத்தவர்களில் ஒருவருக்கே தோள் குலுங்கியது.

ஜுனைட் சேர் நிமிர்ந்து, சிரிக்கிற முகங்களைப் பார்த்துத் தானும் சிரித்தார். தன் வாசிப்புச் சனத்துக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்தார். குரலை இன்னும் உயர்த்தினார்.

திரையில் அடுத்த காட்சி. விமானத்தை இழுத்து வந்த கோவேறு கழுதை ஒரு பக்கம். சுருட்டோடு முதலாளி மறுபக்கம். கமரா அசையவில்லை. நீண்ட காட்சி. பஸ்மிலா அதை எண்ணிக்கையில்லாத தடவை பார்த்திருக்கிறாள்.

“‘இடப்பக்கம் நிற்கும் இந்த மேதையை நன்றாகப் பாருங்கள். அந்த நீண்ட முகத்தில் எத்தனை ஆழ்ந்த சிந்தனை! பெரிய காதுகள், தொழிலாளரின் குறைகளையெல்லாம் பொறுமையாகக் கேட்ட காதுகள். இவர் இல்லாவிட்டால் அந்த விமானம் ஓரடி நகர்ந்திருக்காது.’”

கழுதை காதை ஆட்டியது.

மண்டபம் இடிந்து விழுந்தது போலிருந்தது. சிரித்துச் சிரித்து ஒரு அதிபர் கதிரையிலிருந்து வழுக்கினார். “உண்மதான் சேர், அது இழுக்காட்டி எப்பிடி நகரும்?” என்று யாரோ கத்தினார்கள். அப்போதுதான் ஜுனைட் சேர் முதன்முறையாகத் திரையைத் திரும்பிப் பார்த்தார். கழுதையும் அவரைப் பார்த்தது.

“படம்... படம் மாறிப்போச்சு,” என்றார். “அமெரிக்காக்காரன் தலைகீழா ஏத்தியிரிக்கான் போல. இடம் வலம் மாறியிரிக்கி.”

பூபாலசிங்கம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இல்லையே ஜுனைட். கொட்டகைச் சுவரில எழுத்து நேராத்தானே கிடக்கு. நான் வாசிச்சனே. படம் சரி. உங்கட புத்தகம்தான் மாறிக்கிடக்கு.”

“அது... அச்சகத்துப் பிழை.”

“முழுப் புத்தகத்திலயுமா?”

ஜுனைட் சேர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அந்த இடைவெளியில் துணிக்குப் பின்னாலிருந்து றிஸ்னாவின் குரல் ஊசிபோல் வந்தது.

“எங்கட பக்கத்தால எல்லாம் சரியாத்தான் இரிக்கி சேர்! விமானம், பொம்புளையள், முதலாளி, எல்லாம்!”

“ஓம், ஓம்!” என்று பிள்ளைகள் பின்பாட்டுப் பாடினார்கள். “இத நாங்க போன வருசமே கேட்டது!”

ஆண்கள் பக்கம் சிரிப்பு நின்றது. ஒவ்வொருவராக விளங்கிக்கொண்டு பக்கத்து ஆளின் காதைக் கடித்தார்கள். பூபாலசிங்கம் எழுந்து துணியைப் பார்த்து நின்றார்.

“அப்பிடியெண்டா இத எழுதின ஆள் அந்தப் பக்கம் இருந்து பாத்த ஆள். ஜுனைட், நீங்க எப்ப பெண்கள் பக்கம் போய் இருந்தனீங்கள்?”

இந்தக் கேள்விக்கு அந்த ஊரில் ஒரு ஆண் சொல்லக்கூடிய மறுமொழி கிடையாது. ஓம் என்றால் ஒரு மானம் போகும், இல்லை என்றால் இன்னொரு மானம் போகும்.

படம் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. நீண்ட மேசைகள் வந்தன. தையற்காரிகள் வந்தார்கள். பஸ்மிலா எழுந்தாள். ஒலிவாங்கி இல்லை, தேவைப்படவும் இல்லை.

“அந்தப் பக்கம் இரிக்கிற வாப்பாமாருக்கும் காக்காமாருக்கும் சொல்றன். உங்களுக்கு வலப்பக்கம் பாருங்க. எங்களுக்கு அது இடம். மூணாவதா இரிக்கிறவள். இப்ப தலைய நிமித்துவாள்.”

நிமிர்த்தினாள். முறைத்தாள்.

“இவள்ர பேரு ஒருத்தருக்கும் தெரியா. இவள் தைச்சதுல இன்னொருத்தன் பறந்தான். இதச் சொன்ன ஆள்ர பேரு பஸ்மிலா. சீனிமுகம்மதுட மகள்.”

ஆண்கள் பக்கத்துக் கடைசி வரிசையில் ஒரு கதிரை பின்னால் தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. வாப்பா எழுந்து நிற்கிறார் என்று பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது.

கூட்டம் கலைந்த பிறகு, பெண்கள் பக்கத்துச் சின்ன வாசலடியில் ஜுனைட் சேர் வந்து நின்றார். வாப்பாவையும் கையோடு கூட்டி வந்திருந்தார். முகம் கழுவியிருந்தார், சேட்டுக் கழுத்து நனைந்திருந்தது.

“மகள், நடந்தது நடந்துபோச்சு. என்ட பேரையும் கெடுத்து, உங்கட எழுத்தையும் ஏன் கெடுப்பான்? இன்னொரு பதிப்புப் போடுவம். உங்கட பேரு மேல, என்ட பேரு கீழ. பள்ளிக்கூட நூலகங்களுக்குப் போன புத்தகத்தையெல்லாம் திருப்பி எடுக்கிறன். அந்த இடம் வலத்த மட்டும் நீங்க திருத்தித் தாங்க.”

வாப்பாவின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. “உன்ட பேரப் போடுறாராம் மகள். மேல.”

அது ஒன்றுதான் பஸ்மிலாவை அசைத்தது. வாப்பாவின் விரல் அந்தப் பெயரின் மேல் போய் நிற்பதை ஒரு கணம் கண்டாள். பிறகு போனில் கேட்ட குரலும் காதில் வந்தது. மூட்ட தூக்குற மனுசன்ட மகள்.

“திருத்தத் தேவல்ல சேர்.”

“என்ன?”

“புத்தகம் அப்பிடியே இரிக்கட்டும். உங்கட பேர்லயே. நிந்தவூர்லயும் அக்கரைப்பற்றுலயும் எந்தப் புள்ள அதத் தொறந்து, படத்தப் போட்டுப் பாத்தாலும் கழுததான் மேதை. எழுதினது ஆரெண்டு முன்பக்கத்துல பாக்கும்.”

“நீங்க வேணுமெண்டா செஞ்சீங்க?” அவருக்கு இப்போதுதான் முழுதாக உறைத்தது. “அந்தக் காது... அந்த நீண்ட முகம்...”

“பிழை பாக்கச் சொன்னீங்க. பாத்தன். உங்களுக்கு ஒரு ஒற்றுக்கூட மிஸ் ஆகல்ல.”

“இது உங்கட எழுத்து மகள். உங்கட எழுத்துத்தான் நாசமாப் போகுது.”

“ஓம். எனக்கு வாயிரிக்கி, இன்னொண்டு கதைப்பன். உங்களுக்கு இது ஒண்டுதானே.”

அவர் வாப்பாவைப் பார்த்தார். “சீனிமுகம்மது, நீங்களாவது சொல்லுங்க. நான் இந்தப் புள்ளைக்கு...”

வாப்பா செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். “படிப்பிச்சீங்க சேர். மறக்கல்ல,” என்றார் மெதுவாக. “அதுக்காக அவள்ர பேரயும் எடுக்கேலா.” சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுக்கப் போனார்.

பஸ்மிலா பின்னால் ஏறி இருந்தாள். கடற்காற்று எதிரில் அடித்தது. பாவம் என்று ஒரு எண்ணம் வருமா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். மூலை முடுக்கெல்லாம் தேடினாள். வரவில்லை. வெளியீட்டில் எடுத்த ஒரு பிரதி மட்டும் மடியில் கனத்தது. அதில் அவள் பெயர் இல்லை, இனி வரவும் வராது. அது கொஞ்சம் வலித்தது. ஆலையில் வாப்பா காட்ட ஒரு பக்கமும் இல்லை.

பிரதான வீதிக்கு ஏறும் இடத்தில் வாப்பா கேட்டார்: “மகள், உங்கட பக்கத்தால அந்தக் கழுத எங்க நிண்டிச்சு?”

“வலப்பக்கம் வாப்பா.”

“எங்களுக்கு இடம்.” கொஞ்சத் தூரம் பேசாமல் மிதித்தார். பிறகு அவர் முதுகு குலுங்கத் தொடங்கியது. அழுகிறாரோ என்று அவள் பயந்து எட்டிப் பார்த்தாள். “தொழிலாளிட குறையெல்லாம் கேட்ட காது!” என்று மூச்சு வாங்கினார். “நாளைக்கு ஆலையில இதச் சொல்லாட்டி எனக்குச் சோறு இறங்காது மகள். அந்தப் புத்தகத்தத் தா. அந்தப் பக்கத்த மடிச்சு வை.”

அவள் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, மூலையை அழுத்தி மடித்தாள்.